மலைநீர் சேரும் கடல்: தமிழகக் கரையோரத்தில் மக்கள்வழிப் பாதுகாப்பு

தமிழில் 'கடற்பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லைக் காவலும் ரோந்துக் கப்பல்களும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, கடலுக்கே ஒரு காவல் தேவைப்படுகிறது என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை. கரையில் நின்று பார்ப்பவருக்கு எல்லையற்றதாகத் தோன்றும் கடல், மீன்வளத்தைப் பொறுத்தவரை குறுகிய ஓர் இடமே. முகத்துவாரங்கள், உப்பங்கழிகள், அலையாத்திக் காடுகள், கடற்புல் படுகைகள், பவளப் பார்கள் ஆகியவை ஆழம் குறைந்த கரையோரத்தில் நெருங்கி அமைந்துள்ளன. மீனும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பதும், மனிதர் வலை வீசுவதும், ஆலைகள் கழிவுநீர் விடுவதும், துறைமுகங்கள் எழுவதும் அந்த ஒடுங்கிய பட்டையில்தான். ஒரே இனத்தைச் சேர்ந்து ஒரே கடற்பகுதியில் இனம்பெருக்கும் மீன்கூட்டத்தை 'மீன் இருப்பு' என்று அறிவியலார் குறிப்பிடுவர். உலக உணவு வேளாண் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் அத்தகைய இருப்புகளில் 37.7 விழுக்காடு, இனப்பெருக்கத்தால் ஈடுசெய்ய இயலாத அளவுக்குப் பிடிக்கப்பட்டன.

இந்தச் சரிவைத் தடுக்க வேண்டியவர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சட்டம் இயற்றும் அரசா, அன்றாடம் கடலில் இறங்கும் மக்களா என்று அக்கேள்வி வழக்கமாக இருமுனையாக வைக்கப்படுகிறது. ஒரு வளத்தை நம்பி வாழ்வோரே அதன் பயன்பாட்டுக்கு விதி வகுத்து, அவ்விதியைக் கண்காணித்து, மீறியவரைத் தண்டிக்கவும் செய்யும் முறையை 'மக்கள்வழிப் பாதுகாப்பு' என்றும், வளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் அளவுக்குள் எடுப்பை நிறுத்திக்கொள்வதை 'நீடித்த பயன்பாடு' என்றும் கொண்டால், தமிழகக் கடற்கரையின் சென்ற அரை நூற்றாண்டு அனுபவம் அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதைக் காட்டுகிறது. கேள்விக்கு மூன்றாவது முனை ஒன்றும் உண்டு. அது கடற்கரையில் இல்லை; ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த அனந்தபுரம் போன்ற ஊர்களிலிருந்து கடலுக்குச் செல்ல அறுபது எழுபது கிலோமீட்டர் பயணம் வேண்டும். ஆயினும் இப்பகுதியின் பாறைக் குன்றுகளில் விழும் மழைநீர், செஞ்சி ஆறு என்றும் வராக நதி என்றும் வழங்கும் சங்கராபரணியில் சேர்ந்து, வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலை அடைகிறது. ரோமானிய வணிகத்தோடு தமிழகம் கொண்டிருந்த தொடர்புக்குச் சான்றாக 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு, இந்த ஆற்றின் கடைமடைக் கிளையான அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. மலைநாட்டையும் கடல் வாணிபத்தையும் இணைத்த அந்த நீர்வழி இன்று மணலையும் வண்டலையும் உரக்கழிவையும் ஞெகிழிப் பைகளையும் சுமந்து செல்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளம் வயலிலும் தெருவிலும் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய் முகத்துவாரத்தில் சேர்க்கிறது. 2019 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஒருமுறை பயன்படும் ஞெகிழிக்கான தடையும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் நகர்ப்புறத் தூய்மைக்கான ஏற்பாடுகளாகவே பேசப்படுகின்றன. உள்நாட்டுச் சந்தைத் தெருவில் அத்தடை எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பதைக் கடல்சார்ந்த செய்தியாகவும் கருத வேண்டும்.

மண்ணுக்கும் கடலுக்கும் உள்ள இத்தொடர்பைச் செயலில் காட்டிய முயற்சி இதே மாவட்டத்தில் உண்டு. 1968இல் ஆரோவில் நிறுவப்பட்டபோது அம்மேட்டுநிலம் ஏறக்குறைய மரமற்றுக் கிடந்தது. மழைதோறும் செம்மண் ஓடைகளாக அரிக்கப்பட்டுக் கடலில் கலந்தது. சரிவுக்குக் குறுக்கே மண்வரப்பு எடுத்து, ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டி, அப்பகுதிக்கே உரிய வறண்ட பசுமைமாறா காட்டு மரங்களை நட்டுப் பல பத்தாண்டுகள் உழைத்ததில் அந்த அரிப்பு பெருமளவு அடங்கியது. பின்னர் அங்குள்ள பால்மைரா முதலிய அமைப்புகள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஏரிகளைத் தூர்வாருவதில் விவசாயிகளோடும் மகளிர் குழுக்களோடும் இணைந்து பணியாற்றின. ஏரி சீரமைப்பு என்பது பாசனத்துக்கான வேலை என்றே எல்லாரும் எண்ணுவர். அந்த ஏரிகளின் மிகைநீர் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தால் அது கடலுக்கான வேலையும் என்பது விளங்கும்.

அந்த இடம் கழுவெளி. திண்டிவனம், வானூர், மரக்காணம் பகுதிகளின் நீர் வடிந்து தேங்கும் இந்த ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பு, உப்புக்கழி என்ற ஓடை வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்தை அடைந்து கடலோடு கலக்கிறது. மழைக்காலத்தில் ஏரிநீர் நிரம்பி நன்னீர்த் தன்மை மிகுவதும், கோடையில் கடல்நீர் ஏறி உவர்ப்பு மிகுவதும், இடைப்பட்ட மாதங்களில் இரண்டும் கலந்து நிற்பதுமாக ஆண்டு முழுதும் மாறிக்கொண்டே இருப்பதுதான் இதன் வளத்துக்குக் காரணம். கடலில் பொரிந்த இறால் குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வந்து, பகை மீன்கள் குறைந்த இந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, பருவம் எய்தியபின் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே கழுவெளியின் உவர்ப்பு அளவு கெட்டால் அதன் விளைவு மரக்காணத்துக்கு வெளியே கடலில் போடப்படும் வலையிலும் தெரியும். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கு நோக்கி வரும் வலசைப் பறவைகளின் வான்வழியில் இது ஒரு தங்குமிடம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் இதன் 5,151.6 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ராம்சர் பட்டியல் என்பது 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களை வரிசைப்படுத்தும் பதிவேடு.

அறிவிப்பு வந்ததோடு கேள்விகள் முடிந்துவிடவில்லை, பிறந்தன என்றே சொல்ல வேண்டும். கழுவெளியைச் சுற்றி உப்பளத் தொழிலாளரும், நண்டும் இறாலும் கையால் துழாவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும், மாடு மேய்ப்போரும், ஓரத்து வயல்களில் பயிரிடுவோரும், இறால் பண்ணை வைத்தோரும் வாழ்கின்றனர். இவர்கள் அனைவரையும் 'உள்ளூர் மக்கள்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது வசதியான பிழை. இருளர் கையால் பிடிக்கும் இறாலும், பம்பு வைத்து உவர்நீர் இறைத்து இரசாயனக் கழிவைத் திரும்ப ஓடையில் விடும் பண்ணையும் ஈரநிலத்தின்மேல் ஏற்படுத்தும் சுமையில் ஒப்பிடத்தக்கவையே அல்ல. சரணாலய விதிகள் இரண்டையும் 'நுழைவு' என்று ஒரே தட்டில் வைத்தால், எளிதில் விரட்டப்படுபவர் எப்போதும் கையால் பிடிப்பவராகவே இருப்பார். முகத்துவாரத்தின் இருபுறமும், விழுப்புரம் பக்கம் அழகன்குப்பத்திலும் செங்கல்பட்டு பக்கம் ஆலம்பரைக்குப்பத்திலும், மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. அங்கும் பிரச்சினை எளிதல்ல: படகு நிறுத்தப் பாதுகாப்பான இடம் கேட்கும் மீனவர் கோரிக்கை நியாயமானது, அலைதடுப்புச் சுவர் எழுந்தால் மணல் நகர்வு மாறும் என்ற அச்சமும் நியாயமானது.

மணல் நகர்வு என்பது கரையை ஒட்டி அலைகள் மணலை ஓயாமல் நகர்த்திச் செல்வது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் நீண்ட மாதங்களில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழையின் குறுகிய காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கியே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட கற்சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்ததால், தெற்கே மணல் குவிந்து, வடக்கே நகரின் கடற்கரை மறைந்து, பாறாங்கல் அடுக்கு மட்டுமே எஞ்சியது. கல் போட்டுக் காத்த இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்து, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என விழுப்புரம் மாவட்டத்து மீனவக் குப்பங்களைத் தொட்டது. வலை காய வைக்கவும், படகு ஏற்றவும், கரைவலை இழுக்கவும் மணற்பரப்பு வேண்டும். அது போனபின் மீனவருக்குக் கடல் இருந்தும் கரை இல்லை. இந்த இழப்பைப் பொதுவெளியில் தொடர்ந்து பேசியவை புதுச்சேரியின் பாண்டிகேன் போன்ற குடிமக்கள் அமைப்புகள். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் நகருக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டபின் அங்கு மணல் ஓரளவு திரும்பியது. வடக்கே உள்ள குப்பங்களுக்கோ கற்குவியலும் குறுக்குச் சுவர்களுமே கிடைத்தன. ஓர் ஊரின் கரையைக் காக்கும் ஏற்பாடு அடுத்த ஊரின் கரையைத் தின்னும் இவ்விடத்தில், தனி ஊர் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் பயனில்லை என்பதை மக்கள்வழிப் பாதுகாப்பைப் போற்றுவோர் மறக்கலாகாது.

ஆயினும் ஊர் என்ற அமைப்பின் வலிமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. 1968இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின், எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல்நிலம் ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு மாடு விடுவதால் அழிந்தே தீரும் என்று வாதிட்டு, அரசுக் கட்டுப்பாடோ தனியுடைமையோதான் மருந்து என்றார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில், பல நாடுகளின் பொதுவளங்களை ஆராய்ந்து, தமக்குள் விதி வகுத்துக்கொண்ட சமூகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வளம் குன்றாமல் காத்து வந்ததைக் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது. ஹார்டின் கற்பனை செய்த மேய்ச்சல்நிலத்தில் ஒருவரோடொருவர் பேசுவாரே இல்லை. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் பேசாமல் எதுவும் நடப்பதில்லை.

பழவேற்காட்டு ஏரியின் 'பாடு' முறை இதற்கு நல்ல சான்று. ஏரியின் வாய்க்கு அருகே, ஓதம் ஏறி இறங்கும் வழியில், இறால் மிகுதியாகச் சிக்கும் இடங்கள் சிலவே உண்டு. அவ்விடங்களை வலியவர் பிடித்துக்கொள்ள விடாமல், தலைக்கட்டு எனப்படும் உரிமையுள்ள குடும்பங்களிடையே சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பங்கிடுவதே பாடு. இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் நாளை எளிய பாட்டுக்குப் போக வேண்டும். ஒரு பாட்டில் எத்தனை வலை, எவ்வகை வலை என்பதும் வரையறுக்கப்பட்டது. நோக்கம் நீதியான பங்கீடாக இருந்தாலும், எடுப்பின் அளவுக்கு அது தானே வரம்பாகவும் அமைகிறது. இம்முறையின் குறையையும் சொல்ல வேண்டும்: உரிமை பிறப்பாலும் சாதியாலும் வருவதால், பின்னர் மீன்பிடிப்புக்கு வந்தோரும் பழங்குடியினரும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள், பெண்களுக்குத் தலைக்கட்டில் இடமில்லை.

திறந்த கடலில் இதே பணியை ஊர்ப் பஞ்சாயத்துகள் செய்து வந்தன. மார்ட்டன் பாவிங்க் என்ற டச்சு ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட சோழமண்டலக் கரை மீன்பிடிப்பு பற்றிய நூலில், பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்கள் தமக்குள் கூடி, மீன்கூட்டத்தைக் கலைக்கும் அல்லது மற்றவர் பிழைப்பைக் கெடுக்கும் வலைகளைத் தடைசெய்ததையும், அத்தடையை அரசின் துணையின்றியே நடைமுறைப்படுத்தியதையும் விரிவாகப் பதிவு செய்தார். இந்த ஒழுங்கு குலைந்தது விசைப்படகுகளின் வருகையோடு. அரசு ஊக்குவிப்பால் பெருகிய இழுவலைப் படகுகள் 1970களில் கட்டுமரக்காரர் வலைகளை அறுத்துச் சென்றபோது கரையெங்கும் மோதல்கள் வெடித்தன. அதன் விளைவே 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய அச்சட்டத்தின் எல்லை, 2020இன் விதிகளில் 5 கடல் மைலாக விரிந்தது. ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். தாளில் கோடு கிழிப்பது எளிது. இரவில், காவலற்ற நீரில், அக்கோட்டைக் காப்பவர் எவர்? இழுவலை அடித்தரையை அரிக்கும்போது முதலில் அறிபவர் அருகில் வலை போட்டிருக்கும் நாட்டுப்படகுக்காரர். ஆனால் அவருடைய ஊர்ப் பஞ்சாயத்து விதிக்கும் தண்டத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. வழக்காற்றுக்கு அதிகாரமில்லை, அதிகாரத்துக்குக் கண்ணில்லை என்பதே இன்றைய நிலை.

சுருக்குமடி வலை விவகாரத்தில் இந்தப் பிளவு முழுமையாக வெளிப்பட்டது. மத்தி, கானாங்கெளுத்தி போன்று கூட்டமாக மேற்பரப்பில் திரியும் மீன்களைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றைச் சுருக்கி, கூட்டத்தையே ஒரே வீச்சில் அள்ளும் இந்த வலையைத் தமிழ்நாடு அரசு 2000இல் தடைசெய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்ற கட்டுப்பாடுகளோடு அதை இடைக்காலமாக அனுமதித்தது. இதற்கிடையில் கடலூர், புதுச்சேரிக் கரைகளில் ஊருக்கு ஊர் பகை மூண்டது. 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்கள் மோதிக்கொண்டனர். இருதரப்பும் ஒரே தொழிலைச் செய்பவர்கள், பலவிடங்களில் உறவினர்கள். கடன்பட்டு வலை வாங்கியவரைக் குற்றவாளியாக மட்டும் காண்பது நியாயமல்ல. எல்லாரும் கடன்பட்டு அதையே வாங்கினால் மீன் மிஞ்சாது என்பதும் மறுக்க முடியாதது.

இதற்கு மாறாக, பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதியும் ஒன்று உண்டு. கிழக்குக் கரையில் மீன்கள் இனம்பெருக்கும் காலமாகக் கருதப்படும் கோடையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதற்கான தடை 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதாலும், மீறல் துறைமுகத்திலேயே கண்ணுக்குத் தெரிவதாலும், மீனவக் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை வருவதாலும் இத்தடை நிலைத்தது. தூரத்தை அளக்கும் விதியைவிட நாளை எண்ணும் விதி கடலில் எளிதில் காக்கப்படுகிறது.

நாளை எண்ணும் இந்த அறிவைச் சட்டத்தின் தூண்டுதலின்றியே கைக்கொண்டவர்கள் இராமேசுவரம் தீவையும் மன்னார் வளைகுடாவையும் சார்ந்த கடற்பாசிப் பெண்கள். கண்ணாடியைக் கண்ணில் கட்டி, விரல்களுக்குத் துணி சுற்றி, காலில் தட்டைத் தகடு பூட்டிப் புடவையோடு மூழ்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என அவர்கள் பெயரிட்டழைக்கும் பாசிகளைப் பறிப்பது தலைமுறைத் தொழில். 1986இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 560 சதுர கிலோமீட்டர் அளவுள்ள அப்பூங்காவைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பிய காலத்தில் அந்த அறிவிப்பு அவசியமானதே. ஆனால் கோடு விழுந்தபின், பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடத்தில் பேத்தி அத்துமீறியவளானாள்.

அப்பெண்கள் தமக்குள் கூடி வகுத்துக்கொண்ட விதிகள் கவனத்துக்குரியவை. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விட்டுக் கையால் பறிப்பது, அடிவேரை விட்டுவைப்பது, ஆண்டில் ஒரு பருவம் முழுவதும் நிறுத்திக்கொள்வது என்பன அவை. வனத்துறையோடு பேச்சு நடத்தவும் அடையாள அட்டை கோரவும் அவர்களுக்குச் சங்கம் உருவாயிற்று. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தைச் சேர்ந்த தலைவர் ஒருவருக்கு 2015இல் தீவுகளின் பாதுகாப்புக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது. இதே கடலில் 'வளர்ச்சி' வேறு வழியிலும் வந்தது. பிலிப்பைன்சைத் தாயகமாகக் கொண்ட கப்பாஃபைகஸ் என்ற பாசி, மிதவைகளில் வளர்த்தால் விரைவில் வருமானம் தரும் பயிராகப் பாக் விரிகுடாவில் அறிமுகமாயிற்று; 2008இல் அது குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். 2023இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கும் நிலையில், அயற்பாசி வளர்ப்புக்கும் இயற்கைப் பாசி சேகரிப்புக்கும் இடையே எதற்கு முன்னுரிமை என்பதை அந்தப் பெண்களைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

பாக் விரிகுடாவின் வடபகுதியில் நிகழ்ந்தது நம்பிக்கை தருவது. கடலடியில் புல்வெளிபோல் வளரும் பூக்கும் தாவரமே கடற்புல். நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் அதை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு, இந்தியக் கடல்களில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ளது. தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் இயங்கும் ஓம்கார் என்ற அமைப்பு, மூங்கில் சட்டங்களில் தேங்காய்நார்க் கயிறு கட்டி அதில் கடற்புல்லைப் பதியமிடும் எளிய முறையை உள்ளூர் மீனவரோடு சேர்ந்து கையாண்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவரை வனத்துறை பாராட்டி வெகுமதி அளித்தது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் நீர், இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவைப் போலன்றி 'பாதுகாப்பகம்' என்ற சட்டவகை மக்களின் மீன்பிடி உரிமையைப் பறிப்பதில்லை. அங்கே மீனவர் ஒத்துழைக்க அதுவே முதற்காரணம் எனலாம். குஜராத்தில் 2004இல் தொடங்கிய திமிங்கிலச் சுறா இயக்கமும் இதே பாதையில் சென்றது: வேட்டையாடிய மீனவரே, வலை அறுந்த இழப்புக்கு ஈட்டுத்தொகை பெற்று, சிக்கிய சுறாவை விடுவிப்போராக மாறினர்.

ஆமைகளின் கதை இவ்வளவு நேரானதன்று. பங்குனி ஆமைகளுக்காகச் சென்னைக் கடற்கரையில் 1970களின் தொடக்கத்தில் தொடங்கிய இரவு நடைகளை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தொடர்ந்து வருகிறது. 2002இல் நீலாங்கரையில் தோன்றிய ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞரையே ஆமைக் காவலராக்கியது. கரையில் முட்டை காக்கப்பட்டது. ஆனால் 2025 ஜனவரியில் சென்னையையும் அண்டைக் கரைகளையும் ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வர இயலாமல் வலையில் மூழ்கி இறந்தவை பல. ஐம்பதாண்டு இரவு விழிப்பைச் சில வாரத்து இழுவலை கரைத்துவிடக்கூடும். ஆமை தப்பிச் செல்லும் கருவியை இழுவலையில் பொருத்தும் விதி விசைப்படகு உரிமையாளரிடம் எடுபடாதவரை, கரைக் காவலர் உழைப்பு பாதி வேலையாகவே நிற்கும்.

மக்கள் முயற்சி நீதிமன்றம் வரை சென்று வென்று, பின் அவ்வெற்றி கைநழுவிய வரலாறும் இக்கரைக்கு உண்டு. 1990களில் நாகப்பட்டினம் பகுதியில் நெல்வயல்களையும் உப்பங்கழிகளையும் விழுங்கிப் பரவிய இறால் பண்ணைகளால் குடிநீர் உவர்ந்து, கூலிவேலை அற்றுப்போன நிலையில், சர்வோதயத் தலைவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கிராம மக்களைத் திரட்டிப் போராடினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி கரையிலிருந்து 500 மீட்டருக்குட்பட்ட மண்டலத்தில் மரபுவழிப் பண்ணைகள் தவிர்த்த பிறவற்றை அகற்றச் சொன்னது. பண்ணைகள் பல ஆண்டுகள் தொடர்ந்து இயங்கின. 2005இல் வந்த கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் அவற்றை ஒழுங்குபடுத்துவதாகக் கூறி அவற்றுக்குச் சட்ட நிலையும் தந்தது. நிலமற்ற உழவர் மக்களின் நீண்ட போராட்டம் பெற்ற தீர்ப்பு இவ்வாறு செயலற்றுப்போனது வருந்தத்தக்கது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் அனுபவம் அளவில் சிறிது, பாடத்தில் பெரிது. பல பத்தாண்டுகள் சுழற்சி முறையில் மரம் வெட்டப்பட்ட இடங்களில் தரை தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் உப்பு முற்றி, புதுக்கன்று எதுவும் பிழைக்கவில்லை. விறகு வெட்டும் கிராமத்தாரே காட்டை அழித்தனர் என்ற பழைய கருத்தை மாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் ஏறி வடியச் செய்தது; 1990களில் கிராமக் குழுக்களும் வனத்துறையும் கூட்டாக அந்த வாய்க்கால்களைப் பராமரித்தன. காரணத்தைச் சரியாகக் கண்டறிந்த பின்னரே மக்கள் பங்கேற்புக்குப் பொருள் உண்டாயிற்று. மரக்கன்று நடும் விழாக்கள் மலிந்த இக்காலத்தில் இதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது: அலையாத்திக்கு முதல் தேவை நீரோட்டம், கன்று அதன் பின்னரே.

இவற்றுள் எதுவும் வெப்பமேறும் கடலுக்கு விடையாகாது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளிறின. பவள உயிரியோடு ஒட்டி வாழும் நுண்பாசி வெப்பத்தால் வெளியேறுவதே வெளிறல். அதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் தடுக்க இயலாது. எனினும் வண்டலும் கழிவும் இழுவலையும் குறைந்த இடத்தில் பவளம் மீளும் வாய்ப்பு மிகும் என்பதால், உள்ளூர்க் காவலின் தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

வண்டல், கழிவு என்ற சொற்கள் பேச்சை மீண்டும் செஞ்சிச் சமவெளிக்கே கொண்டுவருகின்றன. ஆற்றுநீர் கடலில் சேர்வதை 'வீணாகக் கலக்கிறது' என்று சொல்லும் வழக்கம் தமிழகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. முகத்துவாரம் மணலால் அடைபடாமல் திறந்திருக்கவும், உவர்நீரில் இறால் குஞ்சு வளரவும், அலையாத்திக்கு உப்பு தணியவும் அந்த 'வீணான' நீரே காரணம். வீடூர் அணையின் பாசனம் தமிழகத்தில் 2,200 ஏக்கர், புதுச்சேரியில் 1,000 ஏக்கர் என்று இரண்டு ஆட்சிப்பகுதிகளுக்கிடையே தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மதகு திறப்பு அந்தக் கணக்கின்படியே நடைபெறுகிறது. அரியாங்குப்பத்து உப்பங்கழியில் வலை போடுபவருக்கும், அங்கே வந்து வளரும் மீன் குஞ்சுக்கும் உரிய மூன்றாவது பங்கு அந்தக் கணக்கில் இல்லை.